ஜன்னல் சீட்டா, ஐல் சீட்டா? அம்மாவின் முழங்கால் முடிவு செய்யட்டும்

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லிக்குக் காலை விமானத்தில் குடும்பமாகப் போகிறோம். நான், மனைவி, 6 வயது மகள், 72 வயது அம்மா. அம்மாவுக்கு ஒரு முழங்காலில் தீராத வலி. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். விமானம் ஏறுவதும் இதுதான் முதல் தடவை. சீட் தேர்வு செய்யும் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை. கால் நீட்டலாம், எமர்ஜென்சி கதவு வரிசையை எடு என்கிறார் மைத்துனர். முதல் வரிசைதான் ராஜமரியாதை என்கிறார் நண்பர். 11ஏ-தான் பாதுகாப்பு என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சாயங்கால விமானத்தில் சென்னை திரும்பி, மறுநாள் திருச்சிக்குச் சின்ன விமானம், காற்றாடி சுற்றுகிற வகை. எந்த சீட்டை எடுப்பது?
- கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்:

சார், உங்கள் நான்கு பேரில் மூன்று பேருக்கு எந்த சீட் கிடைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம், பேசிக்கொண்டே போய்விடலாம். அம்மாவுக்கு சீட் சரியாக அமையாவிட்டால் மட்டும் அந்த இரண்டே முக்கால் மணி நேரம் நீண்டுகொண்டே போகும். அதனால் அம்மாவுக்கு முதலில் இடம் பிடியுங்கள், மற்றவர்கள் அவரைச் சுற்றி உட்காருங்கள். பொதுவாக எல்லோருக்கும் நல்ல சீட் என்று விமானத்தில் ஒன்று கிடையாது. பல வருடம் கேபின் க்ரூவாக வேலை பார்த்துவிட்டு இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். அதிக விலை கொடுத்த சீட்டில் உட்கார்ந்து நெளிகிறவர்களை நிறையவே பார்த்தாயிற்று.

சென்னை - டெல்லி பாதையில் உங்களுக்குப் பெரும்பாலும் வரப்போவது ஏர்பஸ் ஏ320 அல்லது அதன் நீளமான தம்பி ஏ321. போயிங் 737-ஆகவும் இருக்கலாம். மூன்றுமே நடுவில் ஒரே நடைபாதை, இரண்டு பக்கமும் மும்மூன்று சீட். விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் இடது ஓரத்திலிருந்து ஏ, பி, சி. நடைபாதையைத் தாண்டினால் டி, ஈ, எஃப். ஏ-யும் எஃப்-உம் ஜன்னல். சி-யும் டி-யும் நடைபாதை ஓரம், அதாவது ஐல் சீட். சீட் படத்தில் 31 வரிசை இருந்தால் அது இண்டிகோவின் 186 சீட் ஏ320 என்று வைத்துக்கொள்ளலாம். 37, 38 என்று நீண்டுகொண்டே போனால் ஏ321.

அம்மாவுக்கு ஐல் சீட்தான், அதில் யோசிக்கவே வேண்டாம். சி-யா டி-யா என்பதைத்தான் யோசிக்க வேண்டும். எந்த முழங்கால் வலி என்று நீங்கள் எழுதவில்லை. வலது முழங்கால் என்றால் சி. அங்கே உட்கார்ந்தால் நடைபாதை அவருடைய வலது கைப்பக்கம் வரும், வலது காலை அவ்வப்போது வெளியே நீட்டி மடக்கலாம். இடது முழங்கால் என்றால் டி. முன் சீட்டின் முதுகுக்கும் நம் சீட்டின் முதுகுக்கும் இடையே 28 முதல் 30 அங்குலம்தான் இருக்கும். அதற்குள் மடக்கிய காலை மடக்கியபடியே வைத்திருந்தால் டெல்லியில் எழுந்திருக்கும்போது அம்மா படும் பாட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

காலை நீட்டும்போது ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டு டிராலி கனமானது. பின்பக்கமிருந்து வந்தால், தள்ளிக்கொண்டு வரும் பெண்ணுக்கே முன்னால் யாருடைய கால் நீண்டிருக்கிறது என்று சரியாகத் தெரியாது. வாய் ஓயாமல் 'கால், முழங்கை பார்த்துக்கங்க' என்று சொல்லிக்கொண்டே வருவோம். அப்படியும் இடிபடுகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் தூங்குகிறவர்கள். அம்மா கண் அசந்தால் காலை உள்ளே இழுத்து வைக்க யாராவது ஒருவர் விழித்திருங்கள்.

இன்னொன்று, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், பயணிகளில் பலருக்குத் தெரியாது. நடைபாதை ஓரத்துக் கைப்பிடி அசையாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல விமானங்களில் அந்தக் கைப்பிடியின் அடியில், அது சீட்டோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு சின்ன பொத்தான் இருக்கும். அதை அழுத்தியபடி தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். முழங்கால் மடக்க முடியாதவர்கள் எழுந்து நின்று, திரும்பி, கைப்பிடியைச் சுற்றி வெளியே வர வேண்டியதில்லை. உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பி, இரண்டு காலையும் நடைபாதையில் வைத்து எழுந்துவிடலாம். எல்லா வரிசையிலும் இந்த வசதி இருக்காது. ஏறியதும் க்ரூவிடம் கேளுங்கள், அவர்களே தூக்கிக் காட்டுவார்கள். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும் கைப்பிடி கீழே இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் நண்பரின் ராஜமரியாதை. முதல் வரிசையில் முன்னால் சீட் இல்லை, இடம் தாராளம், உண்மைதான். ஆனால் முன்னால் சீட் இல்லாததுதான் அம்மா மாதிரி ஆட்களுக்குச் சிக்கலே. ஒரு தடவை ஒரு பாட்டியை அவருடைய மகன் ஆசையாக முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். பாட்டியால் எழுந்திருக்க முடியவில்லை. மற்ற வரிசைகளில் முன் சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்துவிடலாம். அங்கே கைக்கு எட்டும் தூரத்தில் பிடிக்க எதுவும் இல்லை. போதாததற்கு முதல் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். அதனால் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். கைப்பையைக் காலடியில் வைக்க முன் சீட் கிடையாது, எல்லாம் மேலே போக வேண்டும். தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடி, மாத்திரை என்று பத்து தடவை பையைத் தேடுகிறவருக்கு இது சரிப்படாது. உயரமான, தனியாகப் போகிற, ஒரு லேப்டாப் பையோடு ஏறுகிற ஆளுக்கு முதல் வரிசை அருமை.

மைத்துனர் சொன்ன எமர்ஜென்சி வரிசையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உங்களுக்குத் தர மாட்டார்கள். ஆபத்து நேரத்தில் அந்தக் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு வழிவிடக்கூடிய ஆள்தான் அங்கே உட்காரலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், உதவி தேவைப்படும் முதியவர்கள் கூடாது. ஆன்லைனில் பணம் கட்டிப் போட்டிருந்தாலும் செக்-இன் கவுன்டரிலோ விமானத்துக்குள்ளோ மாற்றிவிடுவார்கள். ஒருவேளை நீங்கள் மட்டும் தனியாகப் போகும்போது அந்த வரிசை வேண்டுமென்றால், 186 சீட் ஏ320-இல் 12, 13 இரண்டும் எக்ஸிட் வரிசை. அதில் 13-ஐ எடுங்கள். 12 பின்னால் சாய்ந்தால் 13-இன் வழியை அடைக்கும், அதனால் 12 சாயாது. 11 சாய்ந்தால் 12-இன் வழியை அடைக்கும், அதுவும் சாயாது.

இதோடு 11ஏ கதையும் முடிகிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த விமானத்தில் உள்ளே இருந்த 242 பேரில் உயிர் தப்பிய ஒரே பயணி 11ஏ-இல் இருந்தவர். அதன்பிறகு அந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அது போயிங் 787, இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம். அதில் 11ஏ எமர்ஜென்சி கதவை ஒட்டிய இடம். நீங்கள் போகும் ஏ320-இல் 11ஏ என்பது கதவுக்கு முன் வரிசை: கதவும் அதில் இல்லை, கால் நீட்டவும் இடம் இல்லை, சீட்டும் சாயாது. 737-இல் இடது பக்கச் சுவருக்குள் ஏசி குழாய் மேலே ஏறும் இடம் ஒன்று உண்டு, இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே ஜன்னலே வைத்திருக்க மாட்டார்கள். சில நிறுவனங்களின் 737-இல் அந்த ஜன்னல் இல்லாத ஜன்னல் சீட்டின் எண்ணும் 11ஏ-தான். பாதுகாப்பு முக்கியம் என்றால் உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் எத்தனை வரிசை தள்ளிக் கதவு இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், புகை சூழ்ந்தால் கையால் தடவிக்கொண்டே போகலாம். ஏ320-இல் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, இறக்கை மேல் நான்கு என்று எட்டு வழிகள் உண்டு. அப்புறம், பெல்ட் விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

சரி, எந்த வரிசை? உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது 5-லிருந்து 8 வரை. காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம் பாத்ரூம். ஏ320-இல் பெரும்பாலும் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. அம்மா ஆறாவது வரிசையில் இருந்தால் முன்னால் இருப்பதற்கு ஐந்தாறு அடி வைத்தால் போதும், ஒவ்வொரு சீட் தலையாகப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். பிசினஸ் கிளாஸ் உள்ள விமானமாக இருந்தால் மட்டும் முன்பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள். அப்போது என் ஆலோசனை தலைகீழாகிவிடும், கடைசியிலிருந்து நாலைந்தாவது வரிசை பாருங்கள். கடைசி வரிசையே வேண்டாம்: சீட் பல விமானங்களில் சாயாது, பாத்ரூம் வரிசையில் நிற்கிறவர்கள் தோளில் இடித்துக்கொண்டே நிற்பார்கள்.

பாத்ரூம் போவதற்கு இடத்தைவிட நேரம்தான் முக்கியம். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பெல்ட் விளக்கு அணையும். அணைந்தவுடன் போய்விட வேண்டும். டிராலி நடைபாதைக்கு வந்துவிட்டால் அதைத் தாண்ட முடியாது, பல சமயம் அரை மணி நேரம்கூட ஆகிவிடும். முன்பக்க பாத்ரூமில் இன்னொரு தொந்தரவு: பைலட் வெளியே வரும் நேரத்தில் க்ரூ முன்பகுதியை அடைத்து நின்றுகொள்வார்கள், யாரையும் விட மாட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் வரலாம், அது விதி. டெல்லி நெருங்கும்போது இறங்கத் தொடங்கிவிட்டோம் என்ற அறிவிப்பு வரும் முன்பே இன்னொரு தடவை போய்வரச் சொல்லுங்கள். அதன்பிறகு எழுந்தால் உட்காரச் சொல்லிவிடுவோம். டெல்லியில் வானத்தில் வரிசை நீண்டுவிட்டால் அந்த உட்காரல் நினைத்ததைவிட நீளும்.

அடுத்தது ஆட்டம். இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குலுக்கல் குறைவாகத் தெரியும், வாலில் அதிகம். நீளமான ஏ321-இன் கடைசி வரிசைகளில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். முதல் தடவை ஏறுகிறவர் அம்மா, பின்னால் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். இறக்கை மேலேயே உட்காரலாமே என்றால் மகளுக்கு வெளியே இறக்கையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஏ320-இல் ஏறக்குறைய 9-லிருந்து 19 வரை அந்தக் கதைதான். அதற்கும் பின்னால் போனால் தரை தெரியும், ஆனால் இன்ஜினிலிருந்து வரும் சூட்டுக்காற்றில் காட்சி கலங்கித் தெரியும், சத்தமும் கூடுதல். 5-லிருந்து 8 வரை என்றால் சத்தம் குறைவு, ஜன்னலும் தெளிவு, ஆட்டமும் பரவாயில்லை.

ஆக, வலது முழங்கால் வலி என்றால் ஆறாவது வரிசையில் மகள் ஏ, மனைவி பி, அம்மா சி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் டி-யில் நீங்கள். கையை நீட்டினால் அம்மாவைத் தொடலாம், அவர் எழுந்தால் நீங்களும் எழுந்து பிடிக்கலாம். உங்களைத் தாண்டிக்கொண்டு அவர் வெளியே வர வேண்டிய அவசியம் இல்லை. நான்கு பேரில் ஒருவருக்கு ஜன்னல், ஒருவருக்குத்தான் நடு சீட். அந்த நடு சீட்காரர் உங்கள் மனைவி என்பதால் இந்தத் திட்டத்தை வீட்டில் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

ஏ பக்கத்துக்கு வெயிலும் சாதகம். சென்னை - டெல்லி ஏறக்குறைய வடக்கு. காலையில் சூரியன் வலது பக்கம், எஃப் ஜன்னலில் அடிக்கும். ஏ பக்கம் நிழல். சாயங்காலம் தெற்கே திரும்பி வரும்போது மேற்கு வலது பக்கம் வரும், அப்போதும் எஃப்-இல்தான் வெயில், ஏ நிழல். சென்னையில் கடலைப் பார்த்துக் கிளம்பினால் மகளின் இடது ஜன்னலில் மெரினாவும் தெரியும். இடது முழங்கால் வலி என்றால் எல்லாவற்றையும் அப்படியே எஃப், ஈ, டி, சி என்று திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் அடித்தால் ஜன்னல் மறைப்பை இறக்கிவிடலாம், விமானம் கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் மட்டும் திறந்திருக்க வேண்டும்.

பணம். நான்கு பேருக்கும் சீட் வாங்க வேண்டுமா என்றால், அம்மாவின் ஐல் சீட்டுக்குக் கட்டாயம் பணம் கட்டுங்கள். மகளைப் பொறுத்தவரை, 12 வயது வரையிலான குழந்தைக்கு அதே டிக்கெட்டில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது சீட் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த விதி உங்களையும் அம்மாவையும் சேர்த்து உட்கார வைக்காது. அதனால் அம்மாவின் சீட்டோடு எதிர்ப்பக்கம் உங்கள் சீட்டையும் வாங்கிவிடுவது நல்லது. உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஐல் சீட்டுக்குக் காசு கொடுத்தவரிடம் போய் 'நடு சீட்டுக்கு மாறிக்கிறீங்களா' என்று நீங்கள் கேட்டால் அவர் முகம் போகும் போக்கை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவைக் காட்டிக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மாறித்தான் கொடுப்பார்கள், ஆனால் அது அவர்கள் நல்ல மனசு, நம்பிப் போகிற ஏற்பாடு அல்ல.

வீல்சேரை முன்கூட்டியே, குறைந்தது இரண்டு நாளுக்கு முன், விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். அம்மா வேண்டாம் என்பார். 'நான் என்ன நடக்க முடியாதவளா' என்பார். டெல்லியில் கேட்டிலிருந்து வெளிவாசல் வரை எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீல்சேர் பயணிகளை முதலில் ஏற்றி, கடைசியில் இறக்குவது வழக்கம். ஆகவே சீக்கிரம் இறங்க வேண்டும் என்பதற்காக முன் வரிசைக்கு அதிகப் பணம் கொடுப்பது உங்களுக்கு வீண். பொதுவாகவே அது வீண்தான் என்பேன். ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவிலிருந்து நேராகக் கட்டடத்துக்குள் போகும் பாலம்) இல்லாமல் பஸ்ஸில் கொண்டுபோனால் முதலில் இறங்கியவர் பஸ்ஸில் நின்றபடி கடைசி ஆளுக்காகக் காத்திருப்பார். செக்-இனில் பெட்டி போட்டிருந்தால், பெட்டிகள் வரும் பெல்ட் பக்கத்தில் எல்லோரும் மறுபடி சந்தித்துக்கொள்வார்கள்.

டிக்கெட் எடுத்த பிறகு விமானத்தின் வகை மாறுவதும் உண்டு. ஏ320 போய் ஏ321 வந்தால் வரிசை எண்களின் கணக்கும் மாறிவிடும். வெப் செக்-இன் செய்யும்போது படத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

கடைசியாகத் திருச்சி. காற்றாடி விமானம் என்று நீங்கள் சொல்வது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட், நடு சீட் என்ற பேச்சே இல்லை, உங்கள் மனைவிக்கு நிம்மதி. இங்கே நான் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள், இந்த விமானத்தில் பின்பக்கம்தான் நல்லது. பயணிகள் ஏறும் கதவு வாலுக்குப் பக்கத்தில். பாத்ரூமும் பின்னால்தான். முன்னால் இருப்பது பெட்டிகள் வைக்கும் அறை. காற்றாடிகளுக்கு நேராக இருக்கும் முன் வரிசைகளில் அதிர்வும் சத்தமும் அதிகம். பின்னால் போகப் போகக் குறையும். இறக்கை கூரைமேல் இருப்பதால் எந்த ஜன்னலிலும் தரை தெரியும். ஏ320-ஐவிடத் தாழ்வாகப் பறப்பதால் மகளுக்கு ஏரி, ஆறு, வயல் எல்லாம் நன்றாகவே தெரியும். ஸ்ரீரங்கம் திருச்சி விமான நிலையத்துக்கு வடக்கே. மேற்கு நோக்கி இறங்கினால் வலது ஜன்னலில், கிழக்கு நோக்கி இறங்கினால் இடது ஜன்னலில் தேட வேண்டும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்பதால் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் வலது.

சின்ன விமானம் என்பதால் எடையை முன்னும் பின்னும் கணக்குப் பார்த்துத்தான் ஆட்களை உட்கார வைத்திருப்பார்கள். சீட் காலியாக இருக்கிறதே என்று கிளம்பும் முன் மாறி உட்காராதீர்கள், க்ரூவைக் கேட்டுவிட்டு மாறுங்கள். தலைக்கு மேலே பை வைக்கும் இடமும் சிறியது. சக்கரப் பெட்டியை விமானத்துக்குப் பக்கத்திலேயே வாங்கிப் பெட்டிகள் வைக்கும் அறையில் போட்டுவிடுவார்கள், ஆகவே அம்மாவின் மாத்திரை டப்பாவும் கண்ணாடியும் அதில் இருந்தால் பஸ் ஏறும் முன்பே எடுத்துத் தோள்பைக்கு மாற்றிவிடுங்கள்.